படத்தில் உயராத கை

அந்தச் சட்டைத் தொழிற்சாலையின் இஸ்திரிப் பிரிவில் வருடத்துக்குப் பன்னிரண்டு முறைதான் விசில் ஒலிக்கும். தினமும் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பத்து நிமிடம் கழுத்துக்கும் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது விதி. மேற்பார்வையாளர் மாதக் கடைசியில் ஒருநாள் மட்டும் ஊதுவார். எல்லோரும் கை தூக்குவார்கள். செல்போனில் ஒரு படம் எடுப்பார். அது மேலாளர் வழியாகச் சட்டை வாங்கும் கம்பெனிக்குப் போகும். மற்ற நாட்களில் பெட்டிகள் கீழே இறங்குவதே இல்லை.

அன்று பத்து மணிக்கு ஊதினார்.

"எல்லா ஊர்லயும் விசில் ஊதினா வண்டி கிளம்பும். இங்கதான் நிக்குது," என்றாள் கடைசி மேசைக்காரி. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

மேற்பார்வையாளர் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இருபத்திரண்டு பேர். மூன்றாவது மேசையில் மட்டும் வலது கை தோள் உயரத்திலேயே நின்றுவிட்டது. மூன்றாவது மேசை அவர் மனைவி. வேலை இடத்தில் அவளுக்கும் அவர் சார்தான்.

"மூணாவது மேசை, கைய நல்லா தூக்குங்க."

"தூக்கிட்டேன் சார்."

"இதுவா? பஸ்ஸ நிறுத்துற மாதிரி இருக்கு."

இரண்டாவது படத்திலும் அதே கதை. அதற்குள் மேலாளர் போனில் வந்துவிட்டார்.

"படம் எங்கய்யா? பதினோரு மணிக்குள்ள அனுப்பணும்."

வீட்டுக்காரி என்பதால் சலுகை காட்டுகிறார் என்று பேச்சு வரும். அவர் நேரே மூன்றாவது மேசைக்குப் போனார். அவள் முழங்கையைப் பிடித்து மேலே தூக்கினார்.

அவள் கத்தவில்லை. இடது கையால் மேசை விளிம்பை இறுக்கினாள். உதடு வெளுத்தது. அவர் பிடியை விட்டதும் அந்தக் கை கல் போல விழுந்தது. கொதிக்கும் பெட்டிக்கும் அதற்கும் ஒரு விரற்கடை இடைவெளி.

"எத்தனை நாளா?"

"விடுங்க சார். எல்லாரும் பாக்குறாங்க."

"மூணு மாசமா," என்றாள் கடைசி மேசைக்காரி. "பெட்டிய இடது கையால தூக்கி வலது கையில வாங்கிக்கிறா. உங்களுக்குத் தெரியாதா?"

மூன்று மாதம் முன்புதான் அவள் இடுப்பு வரை இருந்த முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்தாள். அவர் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு சமையலறை அலமாரியின் மேல்தட்டு டப்பாக்கள் எல்லாம் தரைக்கு வந்தன. காலில் இடறியதற்காகத் திட்டினார். பின்னல் போடக் கை எட்டவில்லை, மேல்தட்டுக்கும் எட்டவில்லை. கண்ணெதிரே இருந்தது. அவர்தான் இரண்டையும் கூட்டிப் பார்க்கவில்லை.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவள் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "ஒன்பதாவது மேசைக்காரி வலிக்குதுன்னு சொன்னா. மறுநாளே அவளுக்குப் பதிலா வேற ஆள நிறுத்தினது யாரு?"

அவர்தான் நிறுத்தினார்.

போன் மறுபடி அடித்தது. விஷயத்தைச் சொன்னார். மேலாளர் யோசிக்கவே இல்லை.

"அந்தம்மாவ பின்வரிசைக்கு அனுப்பு. முன்னாடி நாலு பேர் கை தூக்கினா மறைஞ்சிரும்."

"சரி சார்" என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாகத் தானாக வரும் சொல். விழுங்கினார்.

"படம் இல்ல சார்."

"படம் இல்லாம ஆர்டர் மட்டும் போகட்டும், அப்புறம் பேசிக்கிறேன்." போன் துண்டிக்கப்பட்டது.

சுவரில் பயிற்சிப் படம் ஒட்டியிருந்தது. அதன் கீழ்ப்பாதியை அட்டைப் பெட்டிகள் மறைத்திருந்தன. அடுக்கச் சொன்னவரும் அவரேதான். ஒவ்வொன்றாக நகர்த்தினார். அடியில் இரண்டு வரி இருந்தது: வலி தொடங்கும் இடத்தில் நிறுத்தவும். வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டவும்.

மூன்று மணிக்கு விசில் ஊதினார். பழக்க தோஷத்தில் எல்லோரும் உடையைச் சரிசெய்துகொண்டு நின்றார்கள்.

"போன் எங்க சார்?" என்றாள் ஒருத்தி.

"போன் வேண்டாம். எல்லாரும் பெட்டிய வைங்க."

நீராவியின் இரைச்சல் ஒவ்வொரு மேசையாக அடங்கியது. சுவரைப் பார்த்துப் படித்தபடி அவரும் செய்தார். கழுத்து, பிறகு தோள். அவரது தோளும் சடசடத்தது. மனைவியின் கை பாதிவரை வந்தது.

"அங்கேயே நிறுத்து," என்றார். "நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம். மேசை உன்னோடதுதான். ஒன்பதாவது மேசைக்காரி வீட்டுக்கும் போய் அவளத் திரும்பக் கூப்பிடணும்."

மேலாளர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "யாரக் கேட்டு நிறுத்தின?"

பிரிவு மொத்தமும் மேற்பார்வையாளர் வாயைப் பார்த்தது. வேலை போனாலும் போகும் என்று அவருக்குத் தெரியும்.

"வலின்னு சொன்னவங்கள மாத்தினோம் சார், வலிக்கிற வேலைய மாத்தல. அந்தத் தப்ப பண்ணினது நான். படம் எடுத்தா வலி போகாது. தினமும் ரெண்டு தடவ பத்து நிமிஷம் பெட்டி நிக்கணும். இல்லன்னா ஒருநாள் ஆளுங்களே நின்னுருவாங்க."

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கு சார்," என்றாள் மூன்றாவது மேசைக்காரி.