செலஸ்தீன் கட்டிய ஆமைப்பட்டி

மக்சீம் தொப்பிக்குள் ஒரு நில ஆமைக்குஞ்சை வைத்துக்கொண்டு வந்து நின்ற அன்று அவன் மனைவி செலஸ்தீனுக்குக் கால் தரையில் பாவவில்லை. லா டீக் தீவில் எந்த ஆம்பிளையும் சும்மா ஆமைக்குஞ்சைக் கொண்டுவர மாட்டான். வீட்டில் பெண் பிறந்தால் அப்பன்காரன் ஒரு குஞ்சை வாங்கிப் பட்டியில் விடுவான். பெண்ணும் வளரும், ஆமையும் வளரும். அவள் கல்யாணத்தன்று ஊரே அந்த ஆமைக்கறியைச் சாப்பிட்டுவிட்டு வாழ்த்திவிட்டுப் போகும். செலஸ்தீனுக்கோ பிள்ளை இல்லை. இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் தங்கவில்லை.

"யாருக்குய்யா இது?" என்று கேட்டாள்.

"யாருக்கோ! வீட்டுல கெடக்கட்டுமே. எடம் சும்மாதானே இருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெட்கப்படுகிறான் என்று நினைத்தாள், பைத்தியக்காரி. மனுஷன் இன்னும் நம்பிக்கையை விடவில்லை, நமக்கொரு பெண் வருவாள் என்று இப்போதே இடம் போட்டு வைக்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்று மீன் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். அவனும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான்.

மக்சீமுக்கு விக்டோரியா நகரத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பாய்மரக் கப்பலில் வேலை. வீட்டில் இருப்பதைவிடக் கடலில் இருப்பதுதான் அதிகம். அதனால் பட்டி கட்டும் வேலை முழுக்க அவள் தலையில் விழுந்தது. விழுந்ததென்ன, அவளாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்! கடற்கரையில் கல் பொறுக்கி மாட்டுவண்டியில் ஏற்றிவந்தாள். ஆமை முட்டித் தள்ளாதபடி அடிக்கல்லை மண்ணுக்குள் புதைத்தாள். ஏறித் தாண்டாதபடி சுவரின் உள்பக்கத்தை வழவழவென்று அடுக்கினாள். காலை வெயில் விழ வேண்டும், உச்சி வெயில் விழக்கூடாது. அதற்காகப் புன்னை மரத்துக்கு மேற்கே போட்டதைக் கலைத்துக் கிழக்கே மாற்றிக் கட்டினாள். ஒரு மூலையில் புரள்வதற்குச் சேற்றுக்குழி. இன்னொரு மூலையில் குஞ்சு மூழ்கிவிடாத தட்டையான தண்ணீர்த் தொட்டி. எலியும் நண்டும் குஞ்சைக் கடித்துவிடும் என்று பழைய மீன்வலையை மேலே இழுத்துக் கட்டினாள். விரல்நகம் எல்லாம் பிய்ந்துபோயிற்று.

ஊர் வேடிக்கை பார்த்தது. சும்மா பார்க்கவில்லை, மெச்சியது.

"உனக்கு இருக்குற மனசு எவளுக்குடி வரும்? நானா இருந்தா அந்தக் கல்லைத் தூக்கி அவன் மண்டையிலயே போட்டிருப்பேன்" என்றாள் பக்கத்து வீட்டு ஃபெலிசி.

"போடி, உனக்கு எப்பப் பாத்தாலும் சண்டைதான்" என்று செலஸ்தீன் சிரித்தாள். புருஷன் கடலில் இருக்க, பொம்பளை கல் சுமக்கிறாளே என்று சொல்கிறாள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். கோயில் வாசலில் கிழவிகள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிள்ளையில்லாதவளுக்கு ஆசீர்வாதம் என்று அதையும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

குஞ்சு பட்டிக்குப் பழகி, வாழை இலையை அவள் கையிலிருந்தே கடிக்க ஆரம்பித்த சமயத்தில், ஆமை விற்கிற பசீல் கிழவர் ஒரு கூடையோடு வந்தார். கூடைக்குள் இன்னொரு குஞ்சு.

"இது எதுக்கு மாமா? ஒண்ணு போதுமே" என்றாள்.

"நல்லாருக்கே நீ சொல்றது! அன்னிக்கே ரெண்டு கேட்டான். இது அப்ப ரொம்பப் பொடிசு, தேத்திக் குடுக்குறேன்னேன். பொண்ணு ரெண்டு, ஆமை ஒண்ணா? ஒருத்தி கல்யாணத்துக்குக் கறி, இன்னொருத்தி கல்யாணத்துக்கு வெறும் ஓடா?" என்று கிழவர் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார்.

"எந்தப் பொண்ணு ரெண்டு?"

"மக்சீமுக்கு அந்தத் தையக்காரி பெத்ததுங்கதான். விக்டோரியாவுல…" அவள் முகத்தைப் பார்த்ததும் கிழவர் கூடையை இறக்கி வைத்தார். "மவளே, நீதானே கல்லு சுமந்து கட்டினே? தெரியாமயா கட்டுவா ஒருத்தி?"

ஃபெலிசி வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். செலஸ்தீன் அவளைப் பார்த்தாள்.

"உனக்கும் தெரியுமா?"

"நீ சம்மதிச்சுட்டேன்னு அவன்தான் சொன்னான்டி. ஊர் பூராவும் சொன்னான். நகரத்துல வாடகை ரூம்பு, ஆமைக்கு எடமில்ல, என் பொண்டாட்டியே இங்க வச்சு வளக்குறேன்னுட்டா, தங்கமானவள்னு சொன்னான்."

தங்கமானவளாம்! செலஸ்தீனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்னொருத்தி பிள்ளைகளின் கல்யாண விருந்துக்கு அவள் சேறு குழைத்திருக்கிறாள். அதற்கு ஊர் அவள் கையைக் கண்ணில் ஒற்றியிருக்கிறது. அவள் ஒருத்தியைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

மாலையில் கப்பல் வந்தது. மக்சீம் வாசலுக்கு வருவதற்குள் துறையிலேயே யாரோ காதில் போட்டுவிட்டார்கள் போல. பட்டிக்குள் இரண்டு குஞ்சையும் பார்த்தபடி, ஏறுவதா திரும்புவதா என்று தெரியாமல் படியில் நின்றான்.

"சொல்லணும்னுதான் இருந்தேன், செலஸ்தீன்."

"யார்கிட்ட? ஊர்ல இன்னும் யார் பாக்கி?"

"ஆமை என்ன பாவம் பண்ணுச்சு? புள்ளைங்கதான் என்ன பாவம் பண்ணுச்சுங்க? பெருசானா உன்னையும் அம்மான்னு…"

"வாயை மூடு. நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. இந்தக் குஞ்சைக் கொண்டாந்தியே, அப்ப, நமக்கும் ஒண்ணு பொறக்கும்னு ஒரு நிமிஷமாவது நெனச்சியா?"

அவன் பொய் சொல்லியிருந்தால்கூட அவள் பிழைத்துப்போயிருப்பாள். அந்த ஒரு தடவை பார்த்து அவனுக்கு உண்மை பேச வந்தது.

"எப்படி நெனக்கிறது? ரெண்டாவது தடவை நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்பவே டாக்டர் சொல்லிட்டார், இனிமே உனக்கு உண்டாகவே ஆகாதுன்னு. நீ தாங்கமாட்டேன்னு என்கிட்ட மட்டும்தான் சொன்னார்."

"அதுக்கப்புறமும் புள்ளை உண்டாகணும்னு வேர் வாங்கிட்டு வந்து கஷாயம் போட்டுக் குடுத்தியே?"

"நீ கேட்டே. குடுத்தேன்."

அவள் உள்ளே போய் அவன் துணிகளைச் சாக்கில் அடைத்து வந்து அவன் தோளில் மாட்டினாள். பட்டியின் வலையை விலக்கி, இரண்டு குஞ்சுகளையும் எடுத்து அவன் கைக்கு ஒன்றாகக் கொடுத்தாள்.

"இதுங்க மேல எனக்குக் கோவமில்ல. வெயில்ல போடாதே. சோறு குடுக்காதே, வயிறு கெட்டுரும். இலையும் புல்லும் போடு. போ."

"எங்க போவேன்? கப்பல் காலையிலதானே?"

"அது உன் பாடு. எடம் எங்கப்பன் எனக்குக் குடுத்தது."

ஊர் முழுக்க வாசலில் நின்று பார்க்க, இரண்டு கையிலும் ஆமையோடு அவன் துறைக்கு நடந்தான். ஃபெலிசி வேலியைத் தாண்டி ஓடிவந்தாள். "உள்ள வராதே" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு செலஸ்தீன் அழுதாள். அவன் போனதற்காக அழவில்லை, தையல்காரிக்காகவும் அழவில்லை. நாள் கொஞ்சம் தள்ளிப்போனாலே போதும், துறைக்கு ஓடி, அவன் கப்பலிலிருந்து இறங்குமுன்னே காதோடு போய்ச் சொல்வாள். எல்லாம் தெரிந்துகொண்டே அவனும் ஒவ்வொரு தடவையும் "பாப்போம், பாப்போம்" என்று சிரித்து அவள் கன்னத்தைத் தட்டியிருக்கிறான். அதை நினைத்து நினைத்து அழுதாள்.