சத்தம் போடாமல் நடக்கவும்

அவளை எல்லோரும் சங்கு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆலையில் ஊதுகிற சங்கு. பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே பாதி மறந்துபோயிருக்கும். அடுத்த வீட்டில் தீப்பெட்டி கேட்டாளென்றால் அடுத்த தெருவிலிருந்து ஒருத்தி எடுத்துக்கொண்டு வருவாள், அப்படியொரு தொண்டை. கல்யாணமாகி வந்த வாரமே மாமியார் சொல்லிவிட்டாள்: "கொஞ்சம் மெதுவாப் பேசும்மா. இந்த வீட்ல யாரும் செவிடு இல்லை." சங்குவும் பாவம், மெதுவாகப் பேசிப் பார்த்தாள். பொழுது சாய்வதற்குள் தலைவலி வந்துவிட்டது. அத்தோடு அந்த முயற்சியைக் கைகழுவிவிட்டாள்.

அந்தத் தொண்டைக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் மலைப்பாதை.

மலைமேல் ஒரு பெரிய தங்கும் விடுதி. அதன் சலவைக்கூடத்தில்தான் சங்குவுக்கு வேலை. அவள் நாத்தனாருக்கும் அங்கேதான். நாத்தனாருக்குப் பஞ்சு என்று பெயர் வைத்ததே சங்குதான். நடந்தால் தரைக்குத் தெரியாது, பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஆகாது என்பார்களே, இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அண்ணி பேசிக்கொண்டே இருப்பாள், பஞ்சு சிரித்துக்கொண்டே இருப்பாள், பிறகு சண்டை எங்கிருந்து வரும்?

விடிந்தும் விடியாத நேரத்தில் சலவைக்காரிகள் ஏழெட்டுப் பேர் அடிவாரக் குடியிருப்பிலிருந்து சேர்ந்து கிளம்புவார்கள். பாதையின் இரண்டு பக்கமும் ஆளுயரப் பழப்புதர். மேலே ஓரிடத்தில் பாதை சட்டென்று வளைந்து ஓடையைத் தாண்டும். ஓடை இரைச்சலில் காலடிச் சத்தம் எடுபடாது, வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்பதும் தெரியாது. பழக்காலத்தில் அங்கே என்ன நிற்கும்? கரடிதான் நிற்கும்.

கரடிக்கு மனிதனைப் பிடிக்காது. நியாயம்தான், மனிதனுக்கே மனிதனைப் பிடிப்பதில்லை. தூரத்தில் பேச்சுக்குரல் கேட்டால் அது முணுமுணுத்துக்கொண்டே குட்டிகளோடு எழுந்து போய்விடும். சொல்லாமல் கொள்ளாமல் அதன் மூக்குக்கு நேரே போய் நின்றால்தான் வம்பு. இது அந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். அதனால் பெண்கள் பேசிக்கொண்டேதான் நடப்பார்கள், ஒரு வாளியையாவது தட்டிக்கொண்டே போவார்கள். சங்கு வேலைக்குச் சேர்ந்த பிறகு வாளிக்கு ஓய்வு கிடைத்தது. மாமியார் குழம்பில் உப்புப் பார்ப்பதையும், மாமனார் மூக்குக்கண்ணாடியை மூக்கிலேயே வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுவதையும் அவள் நடித்துக் காட்டுவாள், மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள்.

"அண்ணி, எங்கம்மாவை இன்னைக்காவது விட்டுடுங்க" என்பாள் பஞ்சு.

"எப்படிடி விடறது? கரடிக்கே உங்கம்மா கதை மனப்பாடம். பாதியில நிறுத்தினா மீதியைக் கேக்க எதிர்ல வந்து நிக்கும்!"

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. யார் கண் பட்டதோ, முதலாளிக்குப் புதிதாக ஒரு யோசனை வந்தது. ஓடை வளைவுக்குச் சற்றுக் கீழே, பாதையை ஒட்டி, காட்டைப் பார்த்த மாதிரி கண்ணாடி வைத்த அறைகளைக் கட்டினார்கள். காட்டின் அமைதியை அனுபவிக்க வாருங்கள் என்று வாசலில் பெரிதாக எழுதினார்கள். காடு என்றைக்கு அமைதியாக இருந்தது? பூச்சி கத்தும், குரங்கு கத்தும், ஓடை இரையும். அதெல்லாம் அமைதியில் சேர்த்தியாம். சலவைக்காரி வாயைத் திறந்தால் மட்டும் இரைச்சலாம்!

விருந்தாளி யாரோ முகம் சுளித்திருக்கிறார். மறுநாளே மேனேஜர் சலவைக்கூடத்துக்கு வந்துவிட்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. யாரையும் அதட்ட மாட்டார், "அம்மா, அம்மா" என்றுதான் பேசுவார். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கும் அவர் பேச்சு.

"காலையில விருந்தாளிங்க தூங்கறாங்கம்மா. முதல் அறையிலிருந்து மேல வந்து சேர்ற வரைக்கும் யாரும் சத்தம் போடாம வந்துடணும். அவ்வளவுதான்."

எல்லோரும் சங்குவைப் பார்த்தார்கள்.

"வளைவுல கரடி இருந்தா என்ன சார் பண்றது?"

"மெதுவா, ஜாக்கிரதையா வாங்க."

"மெதுவாப் போனாத்தான் சார் ஆபத்தே! நாங்க வர்றது அதுக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா, இப்பக்கூடப் பாருங்க, கத்தறீங்க."

"என் தொண்டையே இதுதான் சார். சரி, நாங்க வாயைத் திறக்கக்கூடாதுன்னா விருந்தாளிங்களுக்கு விடற ஜீப்பை எங்களுக்கும் விடுங்க. வாயை மூடிக்கிட்டு ஏறி உக்காந்துக்கறோம்."

"ஜீப் சத்தம் போடுமேம்மா" என்றார் மேனேஜர், ரொம்பவும் வருத்தத்தோடு.

சங்குவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. ஒவ்வொரு அறையிலும் மேசைமேல் ஒரு அட்டை உண்டு. துவைத்த விரிப்புகளைக் கொண்டுபோய்ப் போடும்போதெல்லாம் சங்கு அதைத் துடைத்து நிமிர்த்தி வைப்பாள், அதனால் எழுத்துக்கு எழுத்து அவளுக்குப் பாடம். 'அன்பு விருந்தினருக்கு: இது கரடிகள் நடமாடும் பகுதி. நடக்கும்போது உரக்கப் பேசுங்கள், கை தட்டுங்கள். சத்தம் கேட்டால் கரடி தானாக விலகிவிடும். உங்கள் பாதுகாப்பே எங்கள் மகிழ்ச்சி.' கீழே மேனேஜர் கையெழுத்து!

"விருந்தாளி சத்தம் போட்டு நடக்கணும், நாங்க சத்தம் போடாம நடக்கணுமா? அவங்களைக் கண்டா மட்டும்தான் கரடி விலகுமா சார்? எங்களைக் கடிச்சா அதுக்குப் பல்லு நோகுமா?"

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். சுவரில் ஒரு தாளை ஒட்டச் சொல்லிவிட்டுப் போனார். 'சத்தம் போடாமல் நடக்கவும்.'

மறுநாள் காலை சங்கு வழக்கம்போலப் பேசிக்கொண்டேதான் ஏறினாள். அதற்கு அடுத்த நாளும். பஞ்சுதான் அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "அண்ணி, இந்த மாசம்தான் என்னை நிரந்தரம் பண்றதாச் சொல்லியிருக்காங்க. உங்ககூட வர்றேன்னு என் பேரையும் சேர்த்துடுவாங்க. கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்களேன்."

"கொஞ்ச நாள் கரடியும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்குமாடி?"

பஞ்சு சிரிக்கவில்லை. சங்குவுக்கு அது உறுத்தியது.

அவள் அடங்குவதற்கு முன்னால் மேனேஜரே முந்திக்கொண்டார். அந்த வாரக் கடைசியில் அவளைச் சலவையிலிருந்து தூக்கி, கீழே சாலையோரம் இருக்கும் சமையல்கட்டில் பாத்திரம் துலக்கப் போட்டார். பாத்திரங்கள் எவ்வளவு உருண்டாலும் அங்கே யாருக்கும் கேட்காது, சங்கு எவ்வளவு கத்தினாலும் கேட்காது. "உங்க நல்லதுக்குத்தாம்மா" என்றார்.

சங்குவுக்கு வந்த ஆத்திரத்தில் குண்டான் பளபளத்தது. ஆனால் கை தேய்த்துக்கொண்டிருந்ததே தவிர, மனசு மலைப்பாதையில் இருந்தது. பழம் நன்றாகப் பழுத்திருந்தது. காற்றிலேயே இனிப்பு வாசனை. ஒவ்வொரு நாளும் பஞ்சு வீடு திரும்பியதும் கேட்பாள்: "சேர்ந்து போனீங்களா? வாளியையாவது தட்டினீங்களா?"

"அந்தத் தாளை ஒட்டினதிலிருந்து யாரும் வாயே திறக்கறதில்லை அண்ணி. பேச்சில்லாததால அவங்கவங்க வேகத்துக்கு அவங்கவங்க போறாங்க. நான் முன்னாடி போயிடறேன், சீக்கிரம் முடிஞ்சிடுது."

"முன்னாடி போகாதடி! சொன்னாக் கேளு!"

"மெதுவாப் பேசும்மா" என்றாள் மாமியார், வழக்கம்போல உள்ளேயிருந்து.

இரண்டு நாள் கழித்து அது நடந்தது.

பஞ்சு வழக்கம்போல முன்னால் போயிருக்கிறாள். மற்றவர்கள் பின்னால் தனித்தனியாக வந்திருக்கிறார்கள். வளைவில் தாய்க்கரடி இரண்டு குட்டிகளோடு பாதையிலேயே உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தது. ஓடை இரைச்சலில் அதற்கு இவள் வருவது கேட்கவில்லை. இவள் நடைதான் தரைக்கே கேட்காதே! கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கரடியைச் சொல்லிக் குற்றமில்லை. பிள்ளைகளோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிற தாய்மேல் திடீரென்று ஒருத்தி வந்து விழுந்தால் எந்தத் தாய் சும்மா இருப்பாள்?

பின்னால் வந்த, சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிற இஸ்திரி அக்கா வளைவு திரும்பியவள், பார்த்தாள். விதியாவது தாளாவது! கையிலிருந்த வாளியைப் பாறையில் அடித்துக் குடல் வெளியே வருகிற மாதிரி கத்தினாள். ஒரே கத்தல்தான். கரடி பஞ்சுவை விட்டுவிட்டுக் குட்டிகளை ஓட்டிக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

ஒரு கத்தல். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

உயிர் தங்கிவிட்டது. வலது கை தோளிலிருந்து முழங்கை வரை கிழிந்து போயிருந்தது. முகத்தில் ஒரு பக்கம் முழுக்கத் தையல். அந்தக் கை இனிமேல் ஈரத் துணியைப் பிழியாது என்று டாக்டர் தாழ்ந்த குரலில் சொன்னார். சங்கு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் கதவோரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான், தங்கையின் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. மாமியார் மகளின் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் மேனேஜர் பழக்கூடையோடு வந்தார். பழக்கூடை! சங்கு அதைப் பார்த்த பார்வையில் அவரே அதை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டார்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. விருந்தாளிங்கெல்லாம் அந்தக் கத்தல் கேட்டுப் பதறிப்போயிட்டாங்க. ரெண்டு அறை காலி பண்ணிட்டாங்க."

சங்கு பல்லைக் கடித்தாள்.

"ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க" என்று அவர் பஞ்சுவின் பக்கம் குனிந்தார். "காட்டு மிருகம் இருக்கிற இடம்னு தெரியும். அது எதிர்ல வந்ததும் நீங்க கத்தியிருக்கணும் இல்லையா? முதல்லயே கத்தியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. இஸ்திரி அம்மா கத்தினப்புறம்தானே எங்களுக்கே தெரியும். மேலிடத்துல கேப்பாங்க, அதுக்காகச் சொல்றேன். ஏன்மா கத்தலை?"

சங்கு எழுந்தேவிட்டாள். வாய்க்குள் என்னென்னவோ வரிசைகட்டி நின்றன. அதற்குள் கட்டிலிலிருந்து பஞ்சு பேசினாள். தையல் போட்ட வாய், குரல் எப்போதையும்விடத் தாழ்ந்திருந்தது. மேனேஜர் காதைக் கிட்டக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

"கத்தல் வாய் வரைக்கும் வந்துச்சு சார். விருந்தாளிங்க தூங்கறாங்களேன்னு வாயைப் பொத்திக்கிட்டேன்."

மேனேஜரின் முகத்தில் ரத்தம் இல்லை. பாதுகாப்பு அட்டையில் கையெழுத்துப் போட்ட அந்தக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். சங்குவுக்குப் பிறந்ததிலிருந்து முதல் தடவையாகச் சத்தம் வரவில்லை.

மறுநாள் விடிவதற்குள் சங்கு கிளம்பினாள். பாத்திரம் துலக்கும் வேலைக்கு இன்னும் நேரம் இருந்தது, அதற்குப் போகிற வழியும் இது இல்லை. புருஷன், "வேலை போயிடும்" என்றான். "போகட்டும். வேலை போனா இன்னொண்ணு தேடலாங்க. நம்ம பஞ்சுவோட கை போயிடுச்சே, அதை எங்க தேடறது?" என்றாள். அவன் செருப்பை எடுத்துக் கொடுத்தான்.

கதவருகே மாமியார் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. மெதுவாகப் பேசும்மா என்று சொல்லப்போகிறாள் என்றே சங்கு நினைத்தாள்.

"போம்மா" என்றாள் மாமியார். "அந்த மலையே எழுந்து உக்கார்ற மாதிரி கத்திட்டுப் போ. என் கதையைச் சொல்லிச் சிரிப்பியாமே, அதையும் சொல்லு. என் பொண்ணு கேட்டுச் சிரிச்ச கதை."

சங்கு மாமியாரின் கையை ஒரு தடவை இறுக்கிப் பிடித்துவிட்டு இறங்கினாள்.

சலவைக்காரிகள் எல்லோரும் குடியிருப்பு முனையில் காத்திருந்தார்கள். இஸ்திரி அக்கா நசுங்கிய வாளியைக் கொண்டுவந்திருந்தாள். யாரும் யாரையும் கேட்கவில்லை, சேர்ந்தே ஏறினார்கள். முதல் கண்ணாடி அறை வந்ததும் வாளி முழங்கியது. சங்கு மூச்சை இழுத்து, அட்டையை எழுத்துக்கு எழுத்து ஒப்பித்தாள்.

"அன்பு விருந்தினருக்கு! இது கரடிகள் நடமாடும் பகுதி! நடக்கும்போது உரக்கப் பேசுங்கள்! கை தட்டுங்கள்!"

பெண்கள் கை தட்டினார்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. மேலேயிருந்து மேனேஜர் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தவர், கூட்டத்துக்கு நடுவில் சங்குவைப் பார்த்ததும் பாதையோரமாக ஒதுங்கி நின்றுவிட்டார். "உங்கள் பாதுகாப்பே எங்கள் மகிழ்ச்சி!" என்று அவர் முகத்துக்கு நேரே முடித்தாள் சங்கு.

ஒரு கண்ணாடிக் கதவு திறந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒரு அம்மாள் எட்டிப்பார்த்தாள். "என்ன இது அநியாயம்? அமைதிக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கோம்!"

"அமைதியா நடந்தவ ஆஸ்பத்திரியில கிடக்கறாம்மா" என்றாள் சங்கு. "போய்ப் பாருங்க. அங்கேயும் உங்களை எழுப்பிட்டதுக்கு மன்னிப்புக் கேப்பா."

அந்த அம்மாள் கதவைச் சாத்தவில்லை.

அடுத்தது ஓடை வளைவு. அங்கே இன்னும் உரக்கப் பேச வேண்டும். இஸ்திரி அக்கா வாளியை ஓங்கினாள். சங்கு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க மாமியார் இருக்காங்களே..." என்று ஆரம்பித்தாள். பாதிக் கதையில் அவள் குரல் உடைந்துபோனது. ஆனாலும் நிறுத்தவில்லை.