வெள்ளையாக விட்ட இடம்

தமிழ்நாட்டின் பழைய நிலப்படங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர் வேணுகோபால். அவற்றை எல்லாம் காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் கண்காட்சியாக வைத்தார். வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல, வரலாறு படித்த கலையரசியை வேலைக்கு வைத்துக்கொண்டார். முசரவாக்கம் போகிற சாலையோரக் காலனிப் பெண் அவள்.

திறப்புக்கு முந்தின மாலையே சண்டை வந்துவிட்டது. நூற்றைம்பது வருஷத்துப் படம் ஒன்றில் ஏரி இருந்தது, பனைமரங்கள் இருந்தன, வேணுகோபால் பிறந்த தறிக்காரர் தெரு வீடு வீடாக இருந்தது. காலனி இருக்கும் இடம் மட்டும் வெள்ளை. நடுவில் ஒரு கிணறு. அதற்கு அவள் சொல்ல வேண்டியதாக அவர் எழுதிக் கொடுத்திருந்தது: ‘ஆளில்லாப் பொட்டல்.’

"சார், இது எங்க எடம். அப்பவே எங்காளுங்க அங்கதான் இருந்துக்கினு இருந்தாங்க."

"படத்துல இல்லாததை நான் எப்படிம்மா எழுதறது?"

"கெணறு இருக்குதே சார். காக்காவா வெட்டிச்சு?"

"எமோஷனலா பேசாதம்மா. எழுதிக் குடுத்ததைச் சொல்லு. இல்லன்னா வேற ஆள் பாத்துக்கறேன்."

பனைமரத்தை வரையத் தெரிந்த கைக்கு மனுஷரை வரையத் தெரியவில்லையாம். நிலம் அளக்க வந்தவனுக்கு வெயிலில் அளவுச் சங்கிலி இழுத்தது யார்? அன்றைக்கு வரையாமல் விட்டது ஓர் அநியாயம். இன்றைக்கு அதையே சாட்சியாக வைத்து ஆளே இல்லை என்பது அதைவிடப் பெரிய அநியாயம். நீங்களே சொல்லுங்கள் கண்ணுகளா, எந்த வாயால் அவள் அதைச் சொல்லுவாள்?

மறுநாள், மகள் மைக்கில் பேசப்போகிறாள் என்று அம்மா அம்சா கல்யாணப் புடவை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எதிர்வீட்டு மேரியும் காலனிப் பெண்களும் அதே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

துறைமுகங்கள், உப்பளங்கள், பழைய சாலைகள் என்று படம் படமாகச் சொல்லிக்கொண்டே வந்த கலையரசி இந்தப் படத்தின் முன் நின்றாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இங்க ஆளே இல்லன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க. நான் சொல்ல மாட்டேன். நான் பொறந்த எடம் இது. இந்த வெள்ளையிலதான் எங்க வீடு இருக்குது."

அம்சா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எதுடி நம்ம வீடு?"

கிணற்றுக்குப் பக்கத்தில் கண்ணாடிமேல் விரல் வைத்தாள் கலையரசி. நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அங்கே ஒட்டினாள் அம்சா.

"இன்னாம்மா இது?"

"ஆள் இருக்குதுன்னு தெரியட்டும்டி."

"எங்க வீடு கெணத்துக்கு இந்தாண்ட," என்று பக்கத்தில் நின்ற தேவகி தன் பொட்டை ஒட்டினாள். அதற்கப்புறம் ஆளாளுக்கு நெற்றியில் கை வைத்தார்கள்.

"எனக்கு ஏதுடி பொட்டு?" என்று பதறினாள் மேரி. "ஒண்ணு குடுங்கடி, என் வீட்டை மட்டும் உட்டுறாதீங்க!"

வேணுகோபால் ஓடி வந்தார். "கண்ணாடி பாழாவுது! கலையரசி, நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வராத!"

"வேலைக்கு வர்ல சார். பாக்க வருவேன்."

அவர் நகத்தால் ஒரு பொட்டைச் சுரண்டத் தொடங்கினார்.

"சுரண்டிக்கோ சார்," என்றாள் மேரி. "நாளைக்குப் பொட்டு அட்டையோட வாங்கியாறோம்."

கலையரசி மைக்கைக் கீழே வைக்கவில்லை. அவர் சுரண்டச் சுரண்ட, சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனாள்: "இது அம்சா வீடு. இது மேரி வீடு. சார் கை வெச்சிருக்காரே, அது தேவகி வீடு."