மாடத்துக்குள் ஒரு வட்டம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு படத்திலிருந்து வந்தது. பாலைவனத்தில் முழங்கால் உயரம்கூட இல்லாத கல்வரிசை, தெற்குச் சுவரில் அரைவட்டமாக ஒரு மாடம், கூரை கிடையாது. இஸ்லாத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் இடையர்கள் தொழுத திறந்தவெளிப் பள்ளிவாசல் என்று கீழே எழுதியிருந்தது. பாலைவனம் நான் கண்டதில்லை. ஆகவே கதையை ஒஸ்லோவில் வைத்துக்கொண்டேன்.

2

பனி கொட்டிய ஒரு காலையில் உதயகுமாரி...

(வேண்டாம். நோர்வே என்றால் உடனே பனி கொட்டத்தான் வேண்டுமா?)

2003, வசந்தம். உதயகுமாரி ஒஸ்லோவின் புறநகரான புருசெத்திலிருந்து நகரத்துக்கு ரயிலேறி வந்து, அகழாய்வாளர் இங்கர் களத்தில் பென்சிலால் கீறிய படங்களை மையில் வரைந்து கொடுப்பவள். அன்று அந்தப் பாலைவனப் பள்ளிவாசலின் மாடத்துக்குள் சின்னதாக ஒரு வட்டமும் போட்டிருந்தாள். இங்கர் காட்டியபோதுதான் கவனித்தாள். மாடம் என்றால் உள்ளே விளக்கோ சாமியோ இருக்கவேண்டும் என்று சைவக் கை தன்பாட்டில் போட்டுவிட்டது.

"அங்கே ஒன்றும் இருக்காது. எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்று காட்டத்தான் அது," என்றாள் இங்கர்.

உதயகுமாரிக்குப் பாஹிமா நினைவுக்கு வந்தாள். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவள். "உங்கடை பள்ளிவாசலுக்குள்ளை என்னடி இருக்கு?" என்று கேட்டதற்கு, "ஒண்டுமில்லையடி" என்று விழுந்து விழுந்து சிரித்தவள். 1990இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைத் தமிழ்ப் போராளி இயக்கம் வெளியேற்றியபோது அவளும் போனாள். உதயகுமாரி அப்போது ஒஸ்லோவில் இருந்தாள்.

3

பாஹிமா இப்போது புத்தளத்தில். போன மாதம்தான் நம்பர் கிடைத்தது. (கணவன் பத்மநாதனை இங்கே கொண்டுவருகிறேன். தனியே விட்டால் இவள் யோசித்தே கதையை முடித்துவிடுவாள்.)

"போன் எடுத்துக் கதையுமன்."

"எடுத்து? சுகமோ எண்டு கேக்கிறதோ? கலைச்சது எங்கடை பெடியள்தானே."

"நீர் கலைக்கேல்லையே."

"அவள் அப்பிடி நினைக்கவேணுமே."

அந்தச் சிரிப்பை இன்னொரு தரம் கேட்க அவள் ஏங்கினாள். இதைச் சுற்றிவளைத்துச் சொல்லப் பார்த்தேன், சரிவரவில்லை.

4

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பாஹிமா அழுதாள், சினிமாவாகிவிட்டது. இன்னொன்றில் நம்பர் பிழை. அது என் பயம். மற்றதில் பாஹிமா அவளைப் பார்த்து, நீங்கள் எல்லாரும் அண்டைக்கு...

கிழித்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உதயகுமாரி சவர அலகால் அந்த வட்டத்தைச் சுரண்டி எடுத்தாள். (மையில் விட்ட பிழையை இப்படித்தான் எடுப்பார்களாம்.) வீட்டுக்கு வந்து போன் கார்டைச் சுரண்டி இலக்கங்களை அழுத்தினாள். புத்தளத்தில் மணி அடித்தது.

"ஹலோ?"

சுகம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

"பாஹிமா, நான் உதயா. உள்ளுக்கை ஒண்டுமில்லை எண்டு சொன்னனீயெல்லே. இண்டைக்குத்தானடி நம்பினனான்."

மறுமுனையில் மூச்சுச் சத்தம் கேட்கிறது. எடுத்தது பாஹிமாதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சிரிக்கப்போகிறாளா, போனை வைக்கப்போகிறாளா என்பதை நான் எழுதமாட்டேன். ஊரைவிட்டுக் கலைக்கப்பட்டவளின் வாயில் வசனம் வைக்க எனக்கென்ன உரிமை? துணிவிருந்தால் நீங்கள் வையுங்கள்.