எந்தப் பக்கமா வரட்டும்?

அப்பாவைக் குளிப்பாட்டிய ஈரம் காயாத கையோடு தமிழ்நிலா போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். 'இந்தச் செயலி கிடைக்கவில்லை' என்றது அது, மறுபடியும்.

"பொணத்த வெச்சிக்கினு இன்னாடி நோண்டிக்கினு கீற?" என்றாள் ஷீலா அத்தை. "தம்பி எங்க கீறான்னு கேளு. கொள்ளி வெக்கிறவன் வராம எப்டி தூக்கறது?"

அவன் வருவதற்காகத்தான் நோண்டுகிறாள் என்று அத்தைக்கு யார் சொல்வது?

ஆற்றோரத்து வீடுகளை இடிப்பதை எதிர்த்து அடையாறில் ஒரு வாரமாகப் போராட்டம். எந்தத் தெருவில் போலீஸ் நிற்கிறது என்று போகிறவர் வருகிறவர் குறித்துவைக்கும் ஆப் ஒன்று எல்லோர் போனிலும் இருந்தது. சோதனையில் அது கண்ணில் பட்டால் ஆளை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அதனால் கிட்டே போகும்போது அழித்துவிட வேண்டும், தாண்டியதும் திரும்ப இறக்கிக்கொள்ள வேண்டும். இந்தச் சூட்சுமத்தைக் குப்பத்துக்கே சொல்லிக்கொடுத்தவன் தம்பி செம்பியன். அப்பா கோதண்டபாணி அதில் மகா கெட்டிக்காரர். அத்தையைக் கண்டால் பீடியை மறைக்கிற அதே வேகத்தில் அழிப்பார்.

நேற்றும் அழித்தார். தாண்டி வந்து தேடினால் ஆப்பையே காணோம். போலீஸ்காரர்களுக்கு ஆபத்தாம், எங்கோ இருக்கிற போன் கம்பெனி தன் ஆப் கடையிலிருந்து அதைத் தூக்கிவிட்டது. நல்ல அக்கறை. அப்பா குருட்டாம்போக்கில் ஒரு சந்தில் நுழைந்தார். மறுமுனையில் தடியோடு நின்றார்கள். கூட வந்த கூட்டம் திரும்பி ஓடியது. ஓட முடியாத அப்பா அதன் காலடியில் மிதிபட்டுக் கிடந்தார்.

சொல்லிக்கொடுத்தவன் என்று இப்போது செம்பியனைப் போலீஸ் தேடுகிறது. கிண்டியில் யார் வீட்டிலோ இருக்கிறான்.

போன் அடித்தது. வீடியோவில் அவன்தான்.

"அக்கா, கெளம்பிட்டேன். எந்தப் பக்கமா வரட்டும்?"

பந்தலில் நின்ற ரகுபதி மாமா, பாலத்துப் பக்கம் காலி என்றார். வாட்ஸப்பில் ஒருவன் பாலத்தில்தான் வண்டி நிற்கிறது என்று படம் போட்டிருந்தான். அது நேற்றைய படம் என்றான் இன்னொருவன்.

"தெர்ல செம்பியா."

"யார் போன்லயும் அந்த ஆப் இல்லியா?"

"நீ சொன்ன மாறியே எல்லாரும் அழிச்சிட்டாங்க."

"நைனாவும் நான் சொல்லித்தான..."

"நீ வராத."

"அக்கா!"

"வராதன்றேன்ல. நேத்து நைனாவ தூக்கினு வந்தனே, அது போதும். உன்ன வேற என்னால தூக்க முடியாது."

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "அப்ப கொள்ளி?"

"நான் வெக்கிறேன்."

மேளம் நின்றுவிட்டது. ரகுபதி மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாய்க்கரிசி போட்றவங்க வாங்கம்மா" என்றார்.

தமிழ்நிலா போனை இடது கையில் மாற்றி, அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தபடி குனிந்தாள். வலது கையில் அரிசியை அள்ளினாள். திரையில் செம்பியன் வெறுங்கையை மூடி நீட்டினான்.

அவன் விரல்கள் விரியும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு அரிசியை விட்டாள்.