சட்டைப்பையில் ஒரு பிடி அரிசி

“நாய் என்ன, லேபிளைப் படிச்சுப் பாத்துட்டா சாப்பிடுது?” என்றார் அத்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளங்கையை அவர் மேசைமேல் நீட்டினாள். பல் போல வெளுத்த, நன்றாகத் தீட்டிய அரிசி.

அத்தான் அக்காவின் கணவர்; இந்த நாய்த்தீனி ஆலையின் மேலாளர். வந்து இறங்கும் தானியத்தைப் பரிசோதிப்பது அவள் வேலை. லோடுக்கு ஒரு பிடி எடுத்துப் புட்டியில் போட்டு, பார்த்துக் கையெழுத்திட வேண்டும். நேற்று அவசரத்தில் அந்தப் பிடி மேலங்கிப் பைக்குள்ளேயே தங்கிவிட்டது. அலமாரித் தட்டில் இருந்த பழைய லோடின் புட்டியைப் பார்த்து, தீனி லாரியோடு போகும் சோதனைச் சீட்டில் ‘தவிடு உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். இன்று பைக்குள் கைவிட்டபோதுதான் விரல்களில் நெருடியது. அதற்குள் அரிசி இறைச்சியோடு வெந்து, தீனியாகி, ‘முழுத் தானியம்’ என்று அச்சடித்த பைகளில் ஏறிவிட்டது. கீழே லாரி நிற்கிறது.

நாய்க்கு இதனால் உயிரா போய்விடும் என்று கேட்டார் அத்தான். போகாது என்றாள். ஆனால் தவிட்டோடு நாரும் பாதிச் சத்தும் போய்விட்டன; வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கிழநாய் வளர்க்கிறவர்கள். அத்தான் வீட்டுக் கிழநாய் தூங்குமூஞ்சியை நினைவுபடுத்தினாள். முன்பெல்லாம் அது காலையில் வெளிக்குப் போக முடியாமல் முற்றத்தில் முக்கி முக்கி நடுங்கும். தீட்டாத அரிசித் தீனிக்கு மாறிய பிறகு, ‘இன்னிக்கு ஜோலி முடிஞ்சுது’ என்று தேநீரும் கையுமாக வீட்டுக்கே அறிவிப்பவர் அத்தான்தான்.

அவர் பேனாவை மூடினார், திறந்தார்.

“சீட்டுல இருக்கறது உன் கையெழுத்தும்மா. வண்டிய நிறுத்தினா, ஏன்னு மேல கேப்பாங்க. உன் வேலை போச்சுன்னா நான் உங்க அக்காவுக்கு என்ன பதில் சொல்றது?”

அவள் ஜன்னலுக்குப் போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். கீழே தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி முடிச்சு.

படிகளில் இறங்கும்போது பைக்குள் மிச்சமிருந்த அரிசி சலசலத்தது. ஓட்டுநர் வண்டியைக் கிளப்பியிருந்தார். அவளுடைய சீட்டு அவர் சட்டைப்பையில் மடிந்து எட்டிப் பார்த்தது.

“அண்ணே,” என்றாள், கதவைப் பிடித்துக்கொண்டு. “வண்டிய ஒரு நிமிஷம் அணைச்சுட்டு, அந்தச் சீட்டைத் திருப்பிக் குடுக்கறீங்களா?”