இருபத்தெட்டு அடிப் படகும் ஹூக்ஸ்ட்ரா தம்பதியும்

ஹார்லன் ஹூக்ஸ்ட்ரா வாங்கிய படகின் பின்பக்கத்தில் 'இரண்டாம் தேனிலவு' என்று பொன்னெழுத்தில் எழுதியிருந்தது. விற்றவரின் விவாகரத்து வழக்கு அப்போதுதான் முடிந்திருந்தது. படகை யார் தலையிலாவது கட்டினால் போதும் என்றிருந்தார் மனிதர். அதனால் சல்லிசாகக் கிடைத்தது. முப்பத்தாறு வருடம் ஹட்சன்வில் ஊரின் நிலவறைகளில் குனிந்து குனிந்து வீட்டைச் சூடாக்கும் உலைகளைப் பழுது பார்த்துவிட்டு ஓய்வு பெற்ற ஹார்லனுக்கு, இனி திறந்த வெளியில் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று ஓர் ஆசை. படகு இருபத்தெட்டு அடி. டிரெய்லரோடு சேர்ந்தால் ஒரு யானைக் கனம்.

வாங்கி வந்து வீட்டு முற்றத்தில் நிறுத்தியபோது சமையலறை ஜன்னல் முழுவதும் படகாகிவிட்டது. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் மார்வா உருளைக்கிழங்கு உரித்தாள்.

"இது இங்கேயேவா நிக்கப் போகுது?" என்றாள்.

"பின்னே? வேணுங்கறப்ப வண்டியில மாட்டி இழுத்துட்டுப் போக வேண்டியதுதான். நாம இருக்கிறது மிச்சிகன்டி. தடுக்கி விழுந்தா ஏரி. இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு."

"ஏரிக்கரையில படகுத்துறைன்னு ஒண்ணு இருக்கு ஹார்லன். அங்க ஒரு இடம் வாடகைக்கு எடுத்துக் கட்டிப் போட்டுட்டா, நாம கூடையில சாப்பாட்டை எடுத்துட்டுப் போய் ஏறி உக்காந்தா போதும். ஆர்லோ அப்படித்தான் வச்சிருக்கான்."

ஆர்லோ பிகார்ட் அவர்களுடைய சர்ச்காரர். ஐந்து கோடைகளாக அவருடைய படகு துறையில்தான் கிடக்கிறது. சனிக்கிழமை தோறும் கணவனும் மனைவியும் போய் அதில் உட்கார்ந்து முட்டை சாண்ட்விச் தின்றுவிட்டு வருவார்கள். கயிற்றை அவிழ்த்ததை யாரும் பார்த்ததில்லை.

"அதுக்குப் பேரு படகா? மிதக்கிற சோபா!" என்றார் ஹார்லன்.

இந்த வழக்கு காலைக் காப்பியில் தொடங்கி, இரவு உணவுக்குப் பின் வேதம் வாசிக்கும்போது மட்டும் ஓய்ந்து, மறுபடி தொடர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவிலும் ஹார்லன் காதோரம், "எட்டரை அடி அகலம். அளந்து பாத்துட்டேன். ஒரு விரக்கடை கூடியிருந்தாத்தான் ரோட்டுல இழுக்கத் தனி அனுமதி வாங்கணும்," என்றார். மார்வா ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாயை எடுத்து அவர் வாயில் திணித்து அடைத்தாள்.

கடைசியில் ஒரு சமரசம். இந்தக் கோடையில் மூன்று தடவை இழுத்துப் போய்ப் பார்ப்பது. ஒழுங்காக நடந்தால் படகு வீட்டோடு. இல்லாவிட்டால் துறை.

முதல் தடவை, காலை ஏழு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. பட்டையை இழுத்துக் கட்டி, பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்து, டயருக்குக் காற்றடித்து, ஒரு விளக்கு எரியவில்லை என்று ஒயரை நோண்டி, கிளம்பியபோது மணி பத்து. பெட்ரோல் பங்கில் நுழைந்தார்கள். வெளியே வர முடியவில்லை. படகின் வால் ஒரு பம்பைச் சுற்றிக்கொண்டு நிற்க, ஹார்லன் இறங்கிப் போய் மூன்று கார்க்காரர்களிடம் தொப்பியைக் கழற்றிக் கெஞ்சி வழி வாங்கினார். ஏரியில் இறங்கிக் கால் மணி நேரம் போயிருக்கும், மேற்கே இடி இடித்தது. திரும்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மணலையும் பாசியையும் கழுவி முடித்தபோது மார்வாவின் இடுப்பு விட்டுப்போனது.

"கால் மணி நேரம் சவாரி, ஒன்பது மணி நேரம் கூலி வேலை," என்றாள்.

"முதல் தடவை அப்படித்தான் இருக்கும்," என்றார் ஹார்லன்.

இரண்டாவது தடவை ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நல்ல வெயில். மாநிலத்தில் படகு வைத்திருந்த அத்தனை பேரும் அந்த ஏரிக்குத்தான் வந்திருந்தார்கள் போல. படகு இறக்கும் சரிவில் ஒரே ஒரு பாதை. ஹார்லனின் முறை வந்தபோது அவருக்குப் பின்னால் பதினோரு வண்டிகள் நின்றன.

டிரெய்லரைப் பின்னால் தள்ளுவதில் ஒரு வம்பு உண்டு. பின்பக்கம் இடது பக்கம் போக வேண்டுமானால் ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்ப வேண்டும். இது ஹார்லனின் மூளைக்குத் தெரியும். கைக்குத் தெரியாது. மார்வா தண்ணீரோரம் நின்று கைகாட்டினாள்.

"இடது! இடது!"

"யாரோட இடது? உன்னுதா என்னுதா?"

"ரெண்டு பேரும் ஒரே பக்கந்தானே பாத்துக்கிட்டு இருக்கோம்!"

"நான் பின்னாடி திரும்பியில்ல பாக்கிறேன்!"

"அப்ப கர்த்தரோட இடதுன்னு வச்சுக்க! திருப்பேன்!"

திருப்பினார். டிரெய்லர் முழங்கையை மடக்கியது போல் மடங்கி நாணல் பக்கம் போனது. முன்னால் எடுத்தார். மறுபடி பின்னால். இந்த முறை தண்ணீருக்குள் நீண்டிருந்த மரமேடைப் பக்கம் போனது. அதன்மேல் காலை நீட்டித் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு எழுந்து ஓடினார். ஆறாவது தடவையில் வரிசையிலிருந்தவர்கள் இறங்கி வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் படகின் பின்னால் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தார். "இரண்டாம் தேனிலவாம்!" சரிவு முழுவதும் சிரித்தது.

ஹார்லனின் காதுகள் தக்காளியாகிவிட்டன. மார்வா விறுவிறுவென்று மேலேறி வந்து வண்டிக் கதவைத் திறந்தாள்.

"இறங்கு."

"எதுக்கு?"

"இறங்குன்னா இறங்கு ஹார்லன். அவங்களுக்கெல்லாம் சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்குப் போகணும்."

இறங்கினார். மார்வா ஏறினாள். இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள், கண்ணாடிகளைத் திருப்பினாள், ஒரு கையை ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தில் வைத்தாள். ஒரே ஓட்டம். நூல் பிடித்தது போல் டிரெய்லர் நேராக இறங்கி, சக்கரம் முங்கி, படகு அலுங்காமல் தண்ணீரில் மிதந்தது.

பதினோரு வண்டிக்காரர்களும் கைதட்டினார்கள். தூண்டில்காரரும் தட்டினார்.

"எங்கடி கத்துக்கிட்ட?" என்றார் ஹார்லன்.

"அப்பாவோட வெங்காயக் காட்டுல. பதினோரு வயசுலேர்ந்து டிராக்டர்ல டிரெய்லர் மாட்டிக் கொட்டகைக்குள்ள பின்னாலேயே தள்ளுவேன். ரெண்டு பக்கமும் ஒரு சாண்தான் இடம்."

"நீ சொல்லவே இல்லையே!"

"முப்பத்தெட்டு வருஷத்துல நீ ஸ்டீயரிங்க விட்டு எப்ப இறங்குன, நான் சொல்றதுக்கு?"

அடுத்து நின்ற வண்டியிலிருந்து ஒரு கிழவர் தலையை நீட்டினார். "அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். என்னோடதையும் கொஞ்சம் தள்ளி விட்டுடறீங்களா?"

மார்வா தள்ளிவிட்டாள். அதற்கடுத்தவரும் கேட்டார். நான்கு டிரெய்லர்களை வரிசையாக இறக்கிவிட்டு வந்தபோது அவள் முகம் கல்யாணப் பெண்ணுடையதைப் போல ஜொலித்தது. அந்த நேரம் முழுவதும் ஹார்லன் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, கட்டிப் போட்ட ஆட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர் போலப் படகுக்குப் பக்கத்தில் நின்றார்.

அன்று நான்கு மணி நேரம் ஏரியில் சுற்றினார்கள். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. ஹார்லன் அந்தச் சரிவுப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மார்வா நூலகத்துக்குப் போன சமயம் பார்த்து, ஹார்லன் படகுத்துறைக்குப் போன் போட்டார். இடம் எதுவும் காலியில்லை, காத்திருப்போர் பட்டியலில் பேரைச் சேர்க்கிறோம் என்றார்கள். "சேருங்க. ஆனா விஷயம் நமக்குள்ள இருக்கட்டும்," என்றார்.

இருக்கவில்லை. ஆகஸ்டில் ஒரு காலை, தேசப்படத்தைச் சாப்பாட்டு மேசை முழுக்க விரித்து வைத்துக்கொண்டிருந்த மார்வாதான் போனை எடுத்தாள். பேசி முடித்து வைத்துவிட்டு, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு வைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள்.

"துறையில உனக்கு இடம் கிடைச்சிருக்காம். ஆர்லோ படகுக்குப் பக்கத்து இடம்."

ஹார்லனுக்கு விக்கிக்கொண்டது.

"மிதக்கிற சோபான்னு சொன்னது யாரு? நானா?"

"நீதானே துறை துறைன்னு அடிச்சுக்கிட்ட. உன் ஆசையாச்சேன்னுதான்..."

"பொய் சொல்லாத. உனக்குப் பொய் சொன்னா மூக்கு சிவக்கும். நான் ஆசைப்பட்டது ஜூன் மாசத்துல. இப்ப பாரு, பதினாலு ஏரியை வட்டம் போட்டு வச்சிருக்கேன். துறையில கட்டிப் போட்டா என்ன ஆகும் தெரியுமா? பக்கத்துப் படகுல ஆர்லோ பொண்டாட்டி, முட்டி ஆபரேஷன் கதை. சாகிற வரைக்கும் முட்டி ஆபரேஷன் கதை!"

ஹார்லன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். தேசப்படத்தின் ஓரத்தைத் தடவினார்.

"அன்னிக்கு எல்லாரும் உனக்குக் கைதட்டினாங்க மார்வா. எனக்கும் தட்டணும்னுதான் இருந்துச்சு. கையில கயிறு இருந்துச்சு. கயிறு இல்லாட்டியும் தட்டியிருப்பேனான்னு தெரியல. அதான் சங்கடமாப் போச்சு."

மார்வா எழுந்து போய் அவர் தட்டில் இன்னொரு துண்டு பை வைத்தாள். ஹார்லன் கேட்காமல் இரண்டாவது துண்டு கிடைப்பது அந்த வீட்டில் அபூர்வம்.

"மூணாவது தடவை பாக்கி இருக்கு," என்றாள். "முனிசிங் போலாம். சுப்பீரியர் ஏரி. அப்புறம் உனக்கு வேணும்னா துறை."

வடக்கே நான்கு மணி நேரம் மார்வாதான் ஓட்டினாள். ஹார்லன் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வலது காலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஏரிக்கு மேல் போகும் மாக்கினா பாலத்தின் கோபுரங்கள் தெரிந்ததும் வண்டியின் வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. பாலத்துக்கு முந்தைய திருப்பத்தில் மார்வா ஓரமாக நிறுத்தி, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னடி?"

"அஞ்சு மைல், ஹார்லன். ரோட்டுல பாதி வெறும் கம்பி வலை. அது வழியாத் தண்ணி தெரியும். காத்து வேற அடிக்குது. பின்னால இவ்வளவு பெரிய பொருளை இழுத்துக்கிட்டு... என்னால முடியாது."

"பாலம்னா உனக்குப் பயமா?"

"சின்ன வயசுலேர்ந்து."

"முப்பத்தெட்டு வருஷமா சொல்லவே இல்ல?"

"நீதானே எப்பவும் ஓட்டுன! நான் தூங்குற மாதிரி கண்ணை மூடிக்குவேன்."

ஹார்லன் இறங்கிச் சுற்றி வந்தார். இருக்கையைப் பின்னால் தள்ளினார். பாலத்தில் ஏறியதும் பக்கக் காற்று படகைப் பிடித்து உலுக்கியது. டிரெய்லர் மெல்ல ஆட, வண்டியும் சேர்ந்து ஆடியது. ஹார்லன் பதறவில்லை. முப்பத்தாறு பனிக்காலம் வேன் ஓட்டிய கை அது. கண்ணாடி போல் உறைந்த சாலைகளில், யார் வீட்டிலோ உலை அணைந்துவிட்டது என்று விடியும் முன்பே போய்ச் சேர்ந்த கை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகத்தைத் தணித்து, ஸ்டீயரிங்கைத் துளி அசைக்காமல் வைத்துக்கொண்டார். மார்வா கண்களை இறுக மூடி, பைபிள் சங்கீதம் ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் பாதிகூட வரல."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?"

"கோபுரம் தாண்டிட்டோம். இனிமேத்தான் காத்து பலமா இருக்கும். கண்ணைத் திறந்துடாத."

பாலம் முடிந்த இடத்திலிருந்த சுங்கச் சாவடியில் நிறுத்திப் பணம் கொடுத்தபோது, "போலீஸ் வண்டி ஒண்ணு குறுக்க நிக்குது," என்று சமாளித்தார். சாவடிக்காரப் பெண், கண்ணை மூடிக்கொண்டு பிரார்த்தனை செய்யும் மார்வாவையும் உதட்டில் விரல் வைத்துக் காட்டும் ஹார்லனையும் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் சில்லறையைத் தந்தாள். அதற்கப்புறமும் இரண்டு மைல் வந்துவிட்டார்கள். சுட்ட மாவும் மாட்டிறைச்சியும் கலந்த வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் மார்வாவின் மூக்கு அசைந்தது. கண்ணைத் திறந்தாள். வண்டி நின்ற இடத்துக்கு எதிரே, இறைச்சியை மாவில் பொதிந்து சுடும் பாஸ்டிக் கடை. சுற்றிலும் தேவதாரு மரங்கள். தண்ணீரைக் காணோம்.

"ஹார்லன் ஹூக்ஸ்ட்ரா!"

தோளில் ஒரு குத்து விழுந்தது. வலித்தது. ஹார்லன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மார்வா அடக்கப் பார்த்தும் சிரிப்பு அவளுக்கும் தொற்றிக்கொள்ள, இருவரும் வண்டியை விட்டு இறங்கவே கொஞ்ச நேரமாயிற்று.

துறைக்கு அந்தக் கடையிலிருந்தே ஹார்லன் போன் செய்து, இடம் வேண்டாம், அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னார். அவர் பேசி முடிப்பதற்குள் மார்வா தன் பாஸ்டியைத் தின்றுவிட்டு, அவருடையதிலும் பாதியைத் தீர்த்திருந்தாள்.